முதலில் எடை, பிறகு எஞ்சின்

சென்ற கோடை விடுமுறையில் மேலூர்ப் பக்கத்திலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னைப் பார்க்க வந்தான். கையில் சுருட்டிய சார்ட் தாள் ஒன்று. விரித்தால், இரண்டு பேர் உட்காரக்கூடிய, தரையோடு தாழ்ந்த, கூரையில்லாத ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் படம். அழகாகவே வரைந்திருந்தான். அவன் அப்பா லேத் பட்டறை வைத்திருப்பவர். வெல்டிங் வேலை அவனுக்கும் கைவந்தது.

"எஞ்சின் கிடைச்சிருச்சு சார். பழைய அம்பாசிடர் டீசல் எஞ்சின். இரும்பு விலைக்கே தர்றாங்க. இனி அதைச் சுத்தி வண்டியைக் கட்ட வேண்டியதுதான்" என்றான்.

"சரி தம்பி, கட்டி முடித்தால் வண்டி எத்தனை கிலோ இருக்கும்?" என்று கேட்டேன்.

"அது கட்டி முடிச்சாத்தானே சார் தெரியும்?" என்றான்.

மாணவ நண்பர்களே, உங்களில் பலரும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பீர்கள். அது ஏன் தவறு என்பதை உங்கள் பள்ளி இயற்பியலைக் கொண்டே காண்போம்.

வீட்டில் பூட்டிய கார்கள்

காரைப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்வது புதிய யோசனை அல்ல. இங்கிலாந்தில் காலின் சாப்மன் என்ற பொறியாளர் 1957-இல் லோட்டஸ் செவன் என்னும் சிறு காரை வெளியிட்டார். முழுதாகப் பூட்டிய காருக்கு அந்நாட்டில் அப்போது கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கினால் அந்த வரி இல்லை. ஆகவே பலர் பாகங்களாக வாங்கித் தங்கள் கொட்டகையிலேயே பூட்டிக்கொண்டார்கள். அதன் தொடக்க கால எஞ்சின்களில் ஒன்று, ஃபோர்டு குடும்பக் கார்களில் இருந்த சாதாரண 1172 கன செ.மீ. எஞ்சின். அதன் திறன் ஏறக்குறைய 40 குதிரைத்திறன்தான். ஆனாலும் அந்தக் கார் பந்தயங்களில் பெயர் வாங்கியது. காரணம், இரும்புக் குழாய்ச் சட்டமும் மெல்லிய அலுமினியத் தகடும் தவிர அதில் வேறு பாரம் அதிகம் இல்லை.

நம் ஊர்ப் பக்கமும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் என்பவர் குறைந்த செலவில் ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் கார்களை உருவாக்கினார். 1988-இல் அவர் அமைத்த கார் 'ஃபார்முலா மாருதி'. பெயரே சொல்லிவிடுகிறது, அதன் எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று. காய்கறி வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் பயன்பட்ட மாருதி 800-இன் எஞ்சின்தான் அது! அதை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பொருத்தினார். 2005-இல் ஃபார்முலா 1 பந்தயங்களில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இளம் வயதில் ஃபார்முலா மாருதி ஓட்டியவரே. கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் காலமானார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயப் பாதைக்கு அவர் பெயரையே இட்டிருக்கிறார்கள்.

இவர்கள் இருவரும் பெரிய எஞ்சினைத் தேடவில்லை என்பதைக் கவனியுங்கள். பிறகு எதைத் தேடினார்கள்?

ஒரு சிறு கணக்கு

மாருதி 800-இன் எஞ்சினில் மூன்று உருளைகள். ஒவ்வோர் உருளையின் விட்டம் 6.85 செ.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 7.2 செ.மீ. உருளையின் கன அளவுச் சூத்திரம் உங்களுக்குத் தெரியும். போட்டுப் பாருங்கள்; மூன்றுக்கும் சேர்த்து 796 கன செ.மீ. வரும். காரின் பெயரில் உள்ள 800 இதுதான். அதன் திறன் சுமார் 37 குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறன் 746 வாட் ஆகையால், இது ஏறக்குறைய 27,600 வாட்.

அந்தக் காரின் எடை சுமார் 650 கிலோ. ஓட்டுநர் 70 கிலோ. மொத்தம் 720. இது நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 கி.மீ. வேகத்தை, அதாவது நொடிக்கு 16.7 மீட்டரை எட்ட வேண்டும். அப்போது அது பெறும் இயக்க ஆற்றல் நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும்: சுமார் 1,00,000 ஜூல். எஞ்சின் தன் முழுத் திறனையும் கொடுத்தால் இதற்கு 3.6 நொடி ஆகும். (காற்றின் தடை, உராய்வு, கியர் மாற்றும் நேரம் ஆகியவற்றால் உண்மையில் இன்னும் கூடுதலாகும். ஒப்பிட்டுப் பார்க்க இக்கணக்கே போதும்.)

இப்போது கூரை, கதவுகள், பின் இருக்கை, கண்ணாடிகள் யாவும் இல்லாத ஒரு காரை நினையுங்கள். ஓட்டுநரோடு 500 கிலோ. அதே எஞ்சின். தேவையான ஆற்றல் சுமார் 69,400 ஜூல், நேரம் 2.5 நொடி. எஞ்சினில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை, காரோ விரைவாகிவிட்டது! 720 கிலோ காரிலேயே இந்த விரைவைப் பெற வேண்டுமானால் 53 குதிரைத்திறன் வேண்டும். ஆக, 220 கிலோவைக் குறைத்தது 16 குதிரைத்திறனை இனாமாகப் பெற்றதற்குச் சமம்.

மேலூர் மாணவனின் காருக்கு வருவோம். டீசல் அம்பாசிடரின் 1489 கன செ.மீ. எஞ்சின் 40-க்கும் குறைவான குதிரைத்திறன் உடையது. அளவில் மாருதியைவிட ஏறத்தாழ இரு மடங்கு; திறனில் ஏறக்குறைய அதுவேதான். கனத்த வார்ப்பிரும்பு எஞ்சினைத் தாங்கச் சட்டம் கனக்க வேண்டும். சட்டத்தைத் தாங்க அச்சும் சக்கரமும் கனக்க வேண்டும். ஓட்டுநரோடு 800 கிலோ என்று வைத்துக்கொண்டால், மேற்படி கணக்கில் 4 நொடி வருகிறது. அவன் கனவு கண்ட ஸ்போர்ட்ஸ் காரை ஒரு சாதாரண மாருதி 800 முந்திவிடும்!

இழுவை எங்கிருந்து வருகிறது?

அவன் விடவில்லை. "டீசல் எஞ்சினுக்கு இழுவை ஜாஸ்தி சார்" என்றான். நல்ல கேள்வி. இழுவை என்று நாம் சொல்வது திருப்பு விசையை. கிணற்றுக் கப்பியைச் சுழற்றும் முயற்சி போன்றது அது. ஆனால் திருப்பு விசையைக் கியர் பெருக்கிக் கொடுத்துவிடும். திறனை எந்தக் கியராலும் பெருக்க முடியாது.

மாருதி எஞ்சினின் உச்சத் திருப்பு விசை சுமார் 59 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் எஞ்சின் 15 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றுவதாகக் கொள்வோம். சக்கரத்தில் திருப்பு விசை 885 ஆகிவிடும். சக்கரத்தின் ஆரம் கால் மீட்டர் என்றால், தரையைப் பின்னுக்குத் தள்ளும் விசை 3,540 நியூட்டன்.

தரை இதை ஏற்குமா? 500 கிலோ காரின் எடையில் பாதி, எஞ்சின் சுழற்றும் இரு சக்கரங்களின் மீது இருக்கிறது; உராய்வுக் கெழு 0.7. அப்படியானால் சக்கரம் வழுக்காமல் தாங்கும் விசை 0.7 × 250 × 9.8, அதாவது சுமார் 1,715 நியூட்டன் மட்டுமே. சிறிய எஞ்சினே தரையின் பிடிப்பைப் போல இரு மடங்கு தள்ளுகிறது! இதற்கு மேல் பெரிய எஞ்சினைப் போட்டால் முதல் கியரில் சக்கரம் நின்ற இடத்தில் சுழன்று டயர் தேயும், அவ்வளவே.

ஆகவே பிடிப்பைக் கூட்ட வேண்டும். எஞ்சினைப் பின் சக்கரங்களுக்கு அருகே வைத்து, எடையில் 60 விழுக்காடு அவற்றின் மேல் விழச் செய்தால் பிடிப்பு 2,058 நியூட்டனாக உயரும். கார் பாய்ந்து கிளம்பும்போது பாரம் பின்னால் சாய்வதால் இன்னும் கொஞ்சம் கூடும். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் எஞ்சினை வைத்ததன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா?

எந்த எஞ்சின்?

புல்லட் 350 மோட்டார் சைக்கிளின் பழைய எஞ்சின் ஒற்றை உருளை, 346 கன செ.மீ., சுமார் 18 குதிரைத்திறன். எடை குறைவு. ஆனால் பின்னோக்கிச் செல்லக் கியர் கிடையாது. மேலும் அது காற்றால் குளிர்வது. மோட்டார் சைக்கிளில் காற்று நேரே வந்து மோதும். காரின் உடலுக்குள் அடைத்து வைத்தால், மதுரையின் 40 பாகை வெயிலில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மாருதி 800 எஞ்சின் நீரால் குளிர்வது. கியர்பெட்டி அதனோடு ஒட்டியே குறுக்காக அமைந்திருப்பதால் முழுத் தொகுதியாக எடுத்துப் பொருத்தலாம். கிளட்ச், அச்சுத் தண்டு, ரேடியேட்டர், மின்கம்பிகள் எல்லாம் அதே வண்டியிலிருந்து கிடைக்கும். அந்தக் காரின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டாலும் அதன் நுணுக்கம் அறிந்த மெக்கானிக்குகள் நம் ஊரில் நிறைய உண்டு. மின்மோட்டாரும் இன்று நல்ல தேர்வே. நின்ற நிலையிலேயே முழுத் திருப்பு விசையைத் தரும். ஆனால் மின்கல அடுக்கின் எடையைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

நிறுத்தத் தெரியாத வண்டி

என் கல்லூரி நாட்களில் நானும் இரண்டு நண்பர்களும் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து, ஒரு பழைய புல்லட் எஞ்சினைப் பூட்டி, நான்கு சக்கர வண்டி ஒன்று செய்தோம். எஞ்சினுக்காக மூன்று மாதம் உழைத்தோம். பிரேக்கிற்கு ஒரு நாள். அதுவும் பின் சக்கரங்களுக்கு மட்டும். சித்திரை மாதம், கண்மாய் காய்ந்து கிடந்தது. நான்தான் ஓட்டினேன். கரை நெருங்கியபோது பிரேக்கை மிதித்தேன். பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கின, வண்டி நிற்கவில்லை. கரைச் சரிவில் ஏறிக் கருவேல மரத்தில் மோதியது. என் இடது கை முறிந்தது. இன்றும் கரும்பலகையில் உயர எழுதினால் அந்தக் கை வலிக்கும்.

ஏன் நிற்கவில்லை? பிரேக் போடும்போது பாரம் முன்னால் சாய்கிறது. பேருந்தில் நீங்கள் முன்னே விழப்போவது இதனால்தான். முன் சக்கரம் அழுந்துகிறது. பின் சக்கரம் இலேசாகிறது. நல்ல சாலையில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் நான்கு சக்கரமும் பிடித்தால் சுமார் 9 மீட்டரில் நிற்கலாம். பின் சக்கரம் மட்டும் பிடித்தால், எங்கள் வண்டி போன்ற அமைப்புக்கு, 21 மீட்டர் வேண்டும். கண்மாய்ப் புழுதியில் இரண்டுமே இன்னும் நீளும்.

இங்கே ஒரு நுட்பம். சக்கரம் வழுக்கும் எல்லை வரை பிரேக் பிடித்தால், நிற்கும் தூரம் காரின் எடையைச் சார்ந்ததல்ல. எடை கூடினால் பிடிப்பும் அதே விகிதத்தில் கூடுகிறது. ஆனால் அத்தனை இயக்க ஆற்றலும் பெரும்பாலும் பிரேக்கில்தான் வெப்பமாக மாறுகிறது. எடை கூடக்கூட வெப்பம் கூடும். வேகம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். ஆகையால் எடையைக் குறைத்தால் எஞ்சினுக்கும் லாபம், பிரேக்கிற்கும் லாபம். எஞ்சினைப் பெரிதாக்கினால் பிரேக்கிற்கு ஒரு லாபமும் இல்லை, வேலைதான் கூடும்.

எங்கே ஓட்டுவது?

வீட்டில் செய்த காரை நான்குவழிச் சாலைக்குக் கொண்டுபோகலாமா? கூடாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் 1989-ஆம் ஆண்டு விதிகளும், புனேயில் உள்ள இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம் போன்ற நிலையங்களில் மாதிரியைச் சோதித்துச் சான்று பெற வேண்டும் என்கின்றன. பதிவு இல்லாத வண்டி சாலைக்கு வரக்கூடாது. இது வெறும் கெடுபிடி அல்ல. எதிரே சைக்கிளில் வருபவருக்கு உங்கள் வெல்டிங்கின் தரம் தெரியாது.

ஆனால் வேறு வழி இருக்கிறது. பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே கார் வடிவமைத்துப் போட்டியிடும் ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டிகள் உள்ளன. அவ்வகையைச் சேர்ந்த ஃபார்முலா பாரத் கோவைப் பந்தயப் பாதையிலேயே நடந்திருக்கிறது. அங்கே பெட்ரோல் எஞ்சின் 710 கன செ.மீட்டரைத் தாண்டக்கூடாது, அது இழுக்கும் காற்று முழுதும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரே துளை வழியே செல்ல வேண்டும். காற்றுக்கு அளவு வைத்தால் திறனுக்கும் அளவு வைத்ததாகிறது. பிறகு எடை குறைத்தவனும் பிடிப்பை அறிந்தவனும்தான் வெல்வான்.

இப்போதே செய்து பாருங்கள்

1. ஒரு மீட்டர் நீளப் பலகையின் இரு முனைகளையும் இரண்டு தராசுகளின் மேல் வையுங்கள். ஒரு செங்கல்லை எஞ்சினாகக் கொண்டு முன்னும் பின்னும் நகர்த்தி, இரு தராசுகளும் காட்டும் எடையைக் குறியுங்கள். 60 விழுக்காடு பின்னால் விழ, செங்கல் எங்கே இருக்க வேண்டும்?

2. புல்லட் எஞ்சினின் விட்டம் 7 செ.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 9 செ.மீ. அதன் கன அளவைக் கண்டுபிடியுங்கள். 18 குதிரைத்திறனில் 350 கிலோ வண்டி (ஓட்டுநர் உட்பட) மணிக்கு 60 கி.மீ. வேகத்தை எட்ட எத்தனை நொடி?

3. நீங்கள் விரும்பும் காரின் ஒவ்வொரு பாகத்தின் எடையையும் வரிசையாக எழுதிக் கூட்டுங்கள்.

மூன்றாவது பயிற்சியை மேலூர் மாணவனுக்கும் கொடுத்தனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து, நோட்டில் மூன்று பக்கப் பட்டியலோடு வந்தான். இருக்கை, ஸ்டியரிங், குழாய்கள் மீட்டர் கணக்கில், நான்கு சக்கரத்துக்கும் பிரேக் என எல்லாவற்றையும் அப்பாவின் பட்டறைத் தராசில் நிறுத்தி எழுதியிருந்தான். கடைசி வரியில் 'எஞ்சின்' என்று எழுதி, எதிரே எதையும் நிரப்பவில்லை.

"இதை இன்னும் முடிவு பண்ணலை சார்" என்றான்.

"அவசரமில்லை தம்பி, உட்கார்" என்றேன். அன்றுதான் அவன் கார் கட்டத் தொடங்கினான் என்பேன்.