அரியலூர்ப் பாறையும் விண்வீழ்கொள்ளியும்

எம் ஊராகிய கோட்டையூரில் நிலத்தைச் சிறிது அகழ்ந்தால் செம்பூராங்கல்லே தோன்றும். உயிரின் சுவடு அதனுட் காண்டல் அரிது. வடக்கே அரியலூர்ப் பக்கத்தில் அகழ்ந்தாலோ, கடலையே கண்டறியாத உழவன் கைக்கும் சிப்பியும் சங்கும் அகப்படும். அந்நிலம் முன்னொருகாற் கடலாயிருந்தது. அதன் பாறையடுக்குகளைப் பிளான்ஃபோர்டு என்பார் ஆராய்ந்து 1862-இல் நூலாக வெளியிட்டார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர், நின்னியூர் எனக் கீழிருந்து மேலாக அத்தொகுதிகள் பெயர் பெற்றுள்ளன.

இவற்றுள் அரியலூர்த் தொகுதி வரையில் அம்மோனைட்டு என்னும் சுருள்வடிவக் கூடுகள் பல்கிக் கிடக்கின்றன. வைணவர் போற்றும் சாளக்கிராமமும் இவ்வினத்தின் கல்லுருவே. நின்னியூர் அடுக்கில் இவற்றுள் ஒன்றேனும் இல்லை. கல்லமேட்டிற் காணப்படும் டைனோசர் என்புகளும் அதற்கு மேல் இல்லை. இம்மாறுதல் நிகழ்ந்தது ஏறக்குறைய 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர். அவை எங்கே போயின?

1980-இல் லூயி ஆல்வரெசு, அவர் மைந்தர் வால்டர், அசாரோ, மிச்செல் என்னும் நால்வர் ஒரு விடை கூறினர். இத்தாலியிலுள்ள குப்பியோவில், ஈரடுக்குக்கும் இடையே விரலளவே தடித்த களிமண்ணில், இரிடியம் என்னும் உலோகம் இயல்பினும் சுமார் 30 மடங்கு மிக்கிருந்தது. டென்மார்க்கிலோ 160 மடங்கு. புவியின் இரிடியம் பெரும்பாலும் இரும்போடு கூடி நடுவகத்தே ஆழ்ந்துவிட்டமையின் மேற்றோட்டில் அஃது அரிது, விண்கற்களில் மிகுதி. ஆகவே 10 கிலோமீட்டர் அளவினதாகிய சிறுகோள் ஒன்று புவிமேல் மோதிப் பொடியாகி, அப்பொடி உலகெங்கும் படிந்தது என்றனர். பேரழுத்தத்தாற் கீறுண்ட படிகக்கல் மணிகளும், உருகித் திரண்ட கண்ணாடித் துளிகளும் பின்னர்ப் பலவிடத்துக் கிடைத்தன. மெக்சிகோ நாட்டுச் சிக்சுலூபில் மண்மூடிக் கிடந்த, சுமார் 180 கிலோமீட்டர் அகன்ற பள்ளம் அம்மோதலின் வடு என்பது 1991-இல் எடுத்துரைக்கப்பட்டது.

தமிழ் பயில்வார்க்கு ஈண்டுப் புறநானூற்று 229-ஆம் பாட்டு நினைவிற்கு வருதல் இயல்பே. கூடலூர் கிழார் விண்மீன் வீழக்கண்டு, சேரமன்னன் ஏழாம் நாளில் துஞ்சுவான் என அஞ்சினார். அது நிமித்தம், இது காரணம். காரணத்திற்குச் சான்று வேண்டும்.

அச்சான்று நம் அரியலூரில் உண்டோ எனின், ஈண்டே இடர்ப்பாடு எழுகின்றது. அக்காலத்து முடிவிற் கடல் பின்வாங்கிற்று. கல்லமேட்டுப் படிவுகள் ஆறு கொணர்ந்த மணலும் களியுமே. கடல் மீண்டு நின்னியூர்ச் சுண்ணக்கல்லைப் படிவிக்குமுன் இடையே காலம் கழிந்தது. சுவடியில் மற்றை ஏடுகள் நன்கிருப்ப, வேண்டிய ஓர் ஏட்டை மட்டும் செல் அரித்தாற் போன்றது இது. ஒரு சுவடியில் ஏடு குறைந்தாற் பதிப்பாசிரியர் வேறு பிரதி தேடுவர் அன்றோ? நிலநூலாரும் அவ்வாறே தேடினர். மேகாலயத்து உம்சோரிங்கியூ ஆற்றங்கரையிற் கடற்படிவு இடையறாது தொடர்கின்றது. அங்கே இவ்வெல்லையிலுள்ள மெல்லிய அடுக்கில் இரிடியம் மிக்கிருத்தலை அகமதாபாது இயற்பியல் ஆராய்ச்சிச் சாலையைச் சார்ந்த பண்டாரி முதலியோர் 1987-இல் வெளியிட்டனர். கச்சு நாட்டு அஞ்சாரில், எரிமலைக் குழம்புகளுக்கு இடைப்பட்ட ஏரிப்படிவில், இரிடிய அடுக்குகள் மூன்று 1995-இல் அறிவிக்கப்பட்டன. ஒரே வீழ்ச்சிக்கு மூன்று அடுக்குகள் ஏன் என்பது பற்றி வழக்கு ஓய்ந்தபாடில்லை. தக்காணத்து எரிமலைகளே அழிவிற்குப் பெருங்காரணம் என்பாரும் உளர். இரண்டும் கூடின என்பதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

அரியலூர்ச் சுண்ணக்கல் சிமிட்டிக்காக நாடோறும் வெட்டப்படுகின்றது. புதிதாக வெட்டிய முகத்திலேதான் அடுக்குகள் தெளிவுறப் புலனாகும். ஆதலின் ஆலையாரை யாம் முற்றும் நோவேம். ஆயினும், வெட்டுண்ட கல் மீளாது. நின்னியூர்ச் சுண்ணக்கல்லின் அடிவிளிம்பு எங்கெங்கே வெளிப்படுகின்றதோ அங்கங்கே அளந்து, மேலும் கீழும் சாண் சாணாக மண்ணெடுத்துக் குறித்து வைத்தல், நிலநூல் பயிலும் நம் கல்லூரித் தோழர்க்கு ஒரு விடுமுறைக் காலத்துப் பணியே.