சொல்லே சத்தியப் பிரமாணம்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் சாலையில் அமைந்துள்ளது மறையூர். சந்தன மரங்களால் புகழ்பெற்ற இம்மலையூருக்குக் கரும்பும் பெருமை சேர்க்கிறது. கொட்டகைகளில் கரும்புச் சாற்றைக் கொப்பரையில் காய்ச்சி, பாகு பதமானதும் சூடு ஆறுமுன் கையால் உருட்டுகின்றனர். கரும்பழுப்பு நிறமுடைய அந்த உருண்டை வெல்லம் 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. பிற இடங்களின் வெல்லமும் மறையூர்ப் பெயரில் விற்கப்பட்டு வந்ததால், அப்பாதுகாப்பு தேவைப்பட்டது.

சட்டம் பெயரைக் காக்கும். பொருளின் தூய்மையைக் காப்பது யார்? நிறத்தை வெளுக்க ரசாயனம் சேர்ப்பதும், சாற்றில் மலிவான சர்க்கரையைக் கலப்பதும் வெல்லத் தொழிலில் எங்கும் எழக்கூடிய சபலங்கள். அடுப்பருகே எப்போதும் அதிகாரி நிற்பதில்லை. மனசாட்சி மட்டுமே நிற்கிறது. அவ்விடத்தில் இருப்பவர் கிறிஸ்தவராயின், அவருக்கு வழிகாட்டுவது எது?

ஆணை வேண்டாத சொல்

மத்தேயு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில், ஆணையிடவே வேண்டாம் என்று இயேசுபிரான் போதிக்கிறார். உடன்பாடும் மறுப்பும் கலப்பின்றி இருந்தால் போதும் என்பது அவர் கருத்து. ஆணையிடும்போது மட்டும் உண்மை பேசுபவன், மற்ற நேரங்களில் பொய்க்கு இடம் வைத்திருக்கிறான். அந்தப் பிரிவினையையே கிறிஸ்து அகற்றிவிட்டார். ஆகவே ஒவ்வொரு சொல்லும் இறைவன் திருமுன் சொல்லப்படுவதே. வியாபாரிக்குத் தராசு முள்ளும், பொட்டலத்தின் மேல் எழுதிய பெயரும் சொற்களே. வாங்குபவரின் தவறான எண்ணத்தைத் திருத்தாமல் காக்கும் மௌனமும் சில வேளைகளில் பொய்யாகிவிடும்.

திருப்பித் தரும் துணிவு

எரிகோ நகரில் வாழ்ந்த சகேயு, வரி வசூலிப்போரின் தலைவன், செல்வந்தன். இயேசு அவன் இல்லம் சென்றபோது, தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், எவரையேனும் ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் அவன் அறிவித்தான். அவனுடைய மனந்திரும்புதல் கண்ணீரோடு நிற்கவில்லை, கணக்கையும் நேர்செய்தது. எடை குறைத்தவர் அதை ஈடுசெய்யாமல் ஆலயத்தில் மன்னிப்பு மட்டும் வேண்டினால், அவ்வேண்டுதல் பாதியே நிறைவுறுகிறது.

நேர்மையால் நஷ்டம் நேராது என்று நற்செய்தி உறுதியளிக்கவில்லை. வெளுத்த வெல்லம் விரைவில் விற்றுப்போக, தூய வெல்லம் தேங்கிக் கிடக்கலாம். கடன்காரர் வாசலில் நிற்கலாம். அந்நாளில் தாங்கும் நஷ்டமே அம்மனிதர் சுமக்கும் சிலுவை. அவரைத் தனியே சுமக்கவிடாமல், கூடுதல் விலை தந்து வாங்குவது வாங்குபவரின் நேர்மை.

ஒரே சத்தியம்

கலியுகத்தில் உண்மை பேசுவதே தவம் என்று ஸ்ரீராமகிருஷ்ணரும் போதித்தார். அன்னையின் திருவடிகளில் தர்மத்தையும் அதர்மத்தையும், தூய்மையையும் தூய்மையின்மையையும் அர்ப்பணித்த அவரால், சத்தியத்தை மட்டும் அர்ப்பணிக்க இயலவில்லை. கிறிஸ்துவை வழிபட்டாலும் காளியை வழிபட்டாலும், பக்தி பொய்யின்மீது நிலைபெறாது.

இரவு ஜபத்திற்குமுன் மூன்று கேள்விகள் போதும்: இன்று சொன்னதும் கொடுத்ததும் ஒன்றாக இருந்தனவா? என் மௌனம் எவரையேனும் ஏமாற்றியதா? நாளை யாருக்கு எதைத் திருப்பித் தர வேண்டும்? மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்தால், மறுநாளின் முதல் வேலை அதுவாகட்டும்.