குட்டைக் குழலுக்கு எந்தத் தோட்டா?

ஸ்வீடனிலும் பின்லாந்திலும் மூஸ் மான் வேட்டைக்குப் போகிறவர்களின் துப்பாக்கிகள் கட்டையாகிக்கொண்டே வருகின்றன. காரணம் ஒலியடக்கி. 24 அங்குலக் குழலின் முனையில் ஒரு சாண் நீளத்துக்கு ஒலியடக்கியைத் திருகிக்கொண்டு ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே நின்றால், கிளையில் இடிக்காமல் துப்பாக்கியைத் திருப்புவதற்குள் மூஸ் போய்விடும். அதனால் குழலை 20 அங்குலத்துக்கும் 18 அங்குலத்துக்கும் இறக்கிவிட்டார்கள். அலாஸ்காவில் காரணம் வேறு. சிறு விமானத்திலும் படகிலும் ஏற்றி இறக்கி, ஆள் உயர ஆல்டர் புதருக்குள் பழுப்புக் கரடியின் தடம் பார்த்துப் போகிறவருக்கு நீளக் குழல் சுமைதான். இரண்டு இடத்திலும் எழும் கேள்வி ஒன்றே: குழலைக் குறைத்தபின் எந்தத் தோட்டா குறைவாகக் கெடும்?

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக் கதை முடிந்துவிட்டது. இந்தக் கட்டுரை கனடா, நார்வே, ஸ்வீடன் போன்ற நாடுகளில் உரிமத்தோடும் பருவ அனுமதியோடும் காட்டுக்குப் போகிறவர்களுக்காக எழுதப்படுவது. சும்மா தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களும் படிக்கலாம், விஷயம் சுவாரசியமானது.

நடுத்தரத் துளை என்று இங்கே சொல்வது ஏறக்குறைய .33 அங்குலத்திலிருந்து .375 அங்குலம் வரை, அதாவது 8.5 முதல் 9.5 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள குண்டுகளைச் சுடும் ரைஃபிள்களை. இதற்குக் கீழே .308, .30-06 போன்ற எல்லோரும் அறிந்த தோட்டாக்கள். மேலே யானைக்கும் காட்டெருமைக்கும் ஆன பெருந்துளைகள்.

குழலைக் குறைத்தால் என்ன ஆகிறது?

தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் மருந்து எரிந்து வாயுவாகிறது. அந்த வாயு விரிந்து விரிந்து குண்டைத் தள்ளுகிறது. குழல் முடியும் இடத்தில் தள்ளுவதும் முடிந்தது. எனவே கூட்டின் கொள்ளளவோடு ஒப்பிட்டால் குழலுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. .308 கூட்டின் வாயை அகலப்படுத்தி .358 குண்டை வைத்தால், குண்டின் அடிப்பரப்பு 35 சதவீதம் கூடுகிறது. ஒவ்வோர் அங்குலக் குழலிலும் வாயு விரிவதற்கான இடமும் அதே அளவு கூடுகிறது. மருந்து அதே அளவு, இடம் அதிகம். ஆகவே வாயு தன் வேலையைச் சீக்கிரமே முடித்துவிடுகிறது. கடைசி நாலைந்து அங்குலம் இல்லாவிட்டாலும் பெரிய நட்டமில்லை.

.338 வின்செஸ்டர் மேக்னம் இதற்கு எதிர்த்துருவம். அதன் கூடு .308 கூட்டைப்போல் ஒன்றரை மடங்கு கொள்ளும், துளையோ .358-ஐவிடச் சிறியது. குழலில் ஓர் அங்குலம் குறைந்தால் .358 வின்செஸ்டர் விநாடிக்கு 5, 6 மீட்டர் வேகத்தை இழக்கும் என்றால், இது 9 மீட்டரைச் சுற்றி இழக்கும்.

இங்கே பலர் ஒரு தப்பான முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். குட்டைக் குழலில் மேக்னம் வெறும் சத்தம், மருந்து எரியாமலே வெளியே போய்விடுகிறது என்பார்கள். அப்படியில்லை. மருந்தில் பெரும்பங்கு குழலின் முதல் சில அங்குலங்களிலேயே எரிந்துவிடுகிறது. குழல்வாயில் தெரியும் தீப்பிழம்பு, வெளியே வந்த சூடான வாயு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மறுபடி பற்றிக்கொள்வதுதான். 20 அங்குலத்துக்கு வெட்டிய .338 மேக்னமும் 14.6 கிராம் குண்டை விநாடிக்குச் சுமார் 810 மீட்டர் வேகத்தில் அனுப்பும். ஆற்றல் 4,800 ஜூல். அதே நீளக் குழலில் .358 வின்செஸ்டர் தருவது 3,500 ஜூல்தான். வெட்டுப்பட்ட மேக்னமும் வெட்டுப்படாத .358-ஐ வெல்லும்.

அப்படியானால் மேக்னத்தையே வாங்கிவிடலாமே? விலையைப் பார்க்க வேண்டும், கடைவிலையை அல்ல. குழல்வாயில் வாயு இன்னும் அதிக அழுத்தத்தோடு இருப்பதால் வெடிச்சத்தமும் முகத்தில் அறையும் காற்றும் கூடுகின்றன, அந்தி நேரத்தில் கண் கூசுகிறது. ரைஃபிளின் ஒரே வெடி 160 டெசிபலை ஒட்டி இருக்கும். 140-ஐத் தாண்டும் ஒற்றை வெடியே காதைக் கெடுக்கப் போதுமானது. கூடவே உதை. குழலைக் குறைத்ததில் துப்பாக்கியின் எடை குறைந்திருக்கும். எடை குறைந்தால் உதை கூடும். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பவர், எவ்வளவு பெரிய தோட்டா வைத்திருந்தாலும் விலங்கைக் காயப்படுத்தத்தான் செய்வார். குட்டைக் குழலுக்குத் தோட்டா தேடுகிறவர் வேகப் பட்டியலை மூடிவைத்துவிட்டு, குழல்வாயில் மிச்சமிருக்கும் அழுத்தத்தைப் பற்றி யோசிப்பது நல்லது.

.308-இன் இரண்டு பிள்ளைகள்

.358 வின்செஸ்டர் 1955-இல் வந்தது. .338 ஃபெடரல் 2006-இல், ஃபெடரல் நிறுவனமும் பின்லாந்தின் சாக்கோவும் சேர்ந்து கொண்டுவந்தது. இரண்டுமே .308 கூட்டை வாய் அகலப்படுத்தியவை. குட்டை போல்ட் உள்ள சிறிய, இலேசான துப்பாக்கியில் அடங்கிவிடும் என்பது இவற்றின் பெரிய வசதி. .358-க்கு ஒரு தனி அழகும் உண்டு: சாவேஜ் 99, வின்செஸ்டர் 88, பின்னாளில் பிரௌனிங் பி.எல்.ஆர். போன்ற நெம்புகோல் துப்பாக்கிகளில் அது கச்சிதமாகப் பொருந்தியது. 20 அங்குலக் குழலுள்ள பி.எல்.ஆர். ஒன்றைக் கையிலெடுத்தால், அடர்காட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும்.

20 அங்குலக் குழலில் .358 ஏறத்தாழ 13 கிராம் குண்டை 740 மீட்டர் வேகத்தில் தரும்; .338 ஃபெடரல் அதே எடையை 780-இல். தோட்டாவுக்குத் தோட்டா கொஞ்சம் மாறும். காகிதத்தில் .338 முன்னால் நிற்கிறது, குண்டும் நீளமானது, தூரத்தில் வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ளும்.

ஆனால் குண்டின் உடற்கட்டையும் பார்க்க வேண்டும். சந்தையில் கிடைக்கும் .338 குண்டுகள் பல, மேக்னத்தின் வேகத்தை மனதில் வைத்துக் கெட்டியாகச் செய்யப்பட்டவை. முழுச் செம்புக் குண்டுகள் பல, மோதும் வேகம் 550, 600 மீட்டருக்குக் கீழே போனால் சரியாக மலராது; ஊசிபோலத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். .358 பக்கம் சிக்கல் தலைகீழ். 1906-இல் வந்த மெதுவான .35 ரெமிங்டனுக்காகச் செய்த மென்மையான குண்டுகள் அதே விட்டத்தில் கிடைக்கின்றன. இவற்றை வேகமான தோட்டாவில் போட்டால் மூஸின் தோள் எலும்பிலேயே சிதறிவிடும். எந்தத் தோட்டா என்று கேட்பவர்கள் எந்தக் குண்டு என்று கேட்பதில்லை. பாதிக் குழப்பம் அங்கேதான்.

.358-ஐ 150 மீட்டருக்குப் பார்வை சரிசெய்தால் 200 மீட்டரில் குண்டு சுமார் 10 சென்டிமீட்டர் தாழும். மூஸின் நெஞ்சுக்கூட்டுக்கு அது பொருட்டில்லை. அதற்கு அப்பால் சுடுவதென்றால் இந்தத் தோட்டா வேண்டாம், குட்டைக் குழலும் வேண்டாம்.

.358-இன் உண்மையான குறை, தோட்டா கிடைக்காதது. தயாரிப்பாளர்கள் எப்போதாவது ஒரு சுற்று அடிக்கிறார்கள், தீர்ந்தால் காத்திருக்க வேண்டியதுதான். வீட்டில் தாமே தோட்டா நிரப்புகிறவர்களுக்கு இது கவலையில்லை. மற்றவர்கள் .338 ஃபெடரலையே பார்க்கலாம். அதுவும் எல்லாக் கடையிலும் இருக்காது என்பதைத் தெரிந்துகொண்டு.

வீலனும் பாக்கும்

1905-இல் பெர்லினைச் சேர்ந்த துப்பாக்கிக் கைவினைஞர் ஓட்டோ பாக் 9.3×62-ஐ உருவாக்கினார். ஆப்பிரிக்காவின் ஜெர்மன் குடியேற்றங்களில் இருந்த பண்ணைக்காரர்களுக்குச் சாதாரண மௌசர் 98 துப்பாக்கியிலேயே பெரிய விலங்குகளைச் சமாளிக்க ஒரு தோட்டா தேவைப்பட்டது. விலையுயர்ந்த ஆங்கில இரட்டைக்குழல் வாங்க எல்லோராலும் முடியாதே. 18.5 கிராம் குண்டு, மிதமான வேகம், மிதமான அழுத்தம். பதினேழு ஆண்டு கழித்து, 1922-இல், அமெரிக்காவில் .30-06 கூட்டை அகலப்படுத்தி .35 வீலன் பிறந்தது. கர்னல் டவுன்சென்ட் வீலனின் பெயர் அதற்கு. நீண்டகாலம் கைவினைஞர்களின் தோட்டாவாகவே இருந்து, 1980-களின் கடைசியில்தான் ரெமிங்டன் அதைத் தொழிற்சாலைத் தோட்டாவாக்கியது.

இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நீளத்துப் போல்ட்டில் அடங்குபவை. 20 அங்குலக் குழலில் வீலன் 16.2 கிராம் குண்டோடு 4,000 ஜூலை ஒட்டியும், 9.3 தன் 18.5 கிராம் குண்டோடு 4,500 ஜூலை ஒட்டியும் தரும். எனக்கு 9.3 பக்கம்தான் மனம் சாய்கிறது. துளை அகலம், குண்டு கனம், வேகம் நிதானம். குட்டைக் குழலுக்கு வேண்டிய குணங்கள் எல்லாம், அந்தத் தேவை வருவதற்கு நூறு ஆண்டு முன்பே அதனிடம் இருந்தன. மோதும் வேகம் அளவோடு இருப்பதால் இறைச்சியும் அதிகம் நைந்துபோகாது. நார்மா, லாபுவா, சாக்கோ, ஆர்.டபிள்யூ.எஸ். என ஐரோப்பிய நிறுவனங்கள் பலவும் தோட்டா செய்கின்றன. ஸ்வீடனின் சிறுநகரக் கடையிலும் கிடைக்கும். உதை இல்லை என்று சொல்ல மாட்டேன். கனமான குண்டோடு கணக்குப் போட்டால் .338 மேக்னத்துக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் அது தோளைத் தள்ளும், அறையாது என்று சுடுகிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 15, 16 கிராம் குண்டுக்கு மாறினால் இன்னும் இதமாகும்.

வட அமெரிக்காவில் இருக்கிறவருக்கு வீலன் வசதி. .30-06 துப்பாக்கிக்குக் குழலை மட்டும் மாற்றினால் போதும், போல்ட்டைத் தொட வேண்டாம்.

கனமான குண்டு, நிதானமான வேகம் என்ற யோசனை நம் பக்கத்துக் காடுகளுக்கும் புதிதல்ல. தருமபுரி, சேலம் காடுகளில் அலைந்த வேட்டை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சனின் கையில் இருந்தது .405 வின்செஸ்டர் நெம்புகோல் துப்பாக்கி. துளை இந்த வரிசையைவிடச் சற்றுப் பெரியது, குணம் ஒன்றே.

முன்கூட்டியே வந்து தோற்றவை

ரெமிங்டன் 1965-இல் .350 ரெமிங்டன் மேக்னத்தை மாடல் 600 என்ற 18.5 அங்குலக் குழல் துப்பாக்கியில் விட்டது. இன்று எல்லோரும் கேட்பது ஏறக்குறைய அதுதான். அன்று வாங்க ஆளில்லை: பார்க்க விசித்திரமாக இருந்தது, இலேசான துப்பாக்கி என்பதால் உதையும் பலம். குட்டை மேகசினில் நீளமான குண்டுகளைக் கூட்டுக்குள் ஆழமாக இறக்க வேண்டியிருந்தது, மருந்துக்கு இடம் போயிற்று. 2008-இல் ஹார்னடியும் ரூகரும் 20 அங்குலக் குழலுக்கென்றே கொண்டுவந்த .338 ஆர்.சி.எம்., அதற்கு முன் வந்த .376 ஸ்டையர் இரண்டும் நல்ல தோட்டாக்கள். கடைகளில் தேடித்தான் பிடிக்க வேண்டும். பழைய துப்பாக்கி மலிவாகக் கிடைக்கிறதென்று இவற்றில் இறங்குகிறவர், முதலில் ஐந்தாறு ஆண்டுக்கான தோட்டாவையோ வெற்றுக் கூடுகளையோ வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

கரடி நாட்டில்

பழுப்புக் கரடியின் காட்டில் நடப்பவருக்கும், ஆப்பிரிக்காவில் காட்டெருமைக்குப் போகிறவருக்கும் .375. பல ஆப்பிரிக்க நாடுகள் ஆபத்தான விலங்குகளுக்குக் குறைந்தபட்சத் துளையைச் சட்டத்திலேயே வைத்திருக்கின்றன. சில இடங்களில் 9.3 செல்லும், சில இடங்களில் .375-தான். 1912-இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நீளமான போல்ட்டைக் கேட்கும். 2007-இல் வந்த .375 ரூகர் சாதாரண .30-06 நீளத்திலேயே அடங்கிவிடும். 20 அங்குலக் குழலில் அது தருவது, பழைய .375 தன் 24 அங்குலக் குழலில் தருவதற்குச் சமம், 5,800 ஜூலை ஒட்டி. ரூகரின் அலாஸ்கன் மாடல் அந்த 20 அங்குலக் குழலோடுதான் வந்தது. உதையோ .358-ஐப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூஸுக்கு இது தேவையில்லை. தொலைதூர அலாஸ்கக் கடைகளில் பழைய .375-உம் .338 மேக்னமும் எளிதில் கிடைக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள். விமானத்தில் பெட்டி தொலைந்தால் அதன் அருமை புரியும்.

சட்டக் கணக்கில் இவை எல்லாமே தேறும். ஸ்வீடனில் மூஸுக்கு, குண்டு 10 கிராமுக்கு மேல் இருந்தால் 100 மீட்டரில் 2,000 ஜூல் போதும். 18 அங்குலக் குழலின் .358-உம் அதைச் சுலபமாகத் தாண்டும். சொல்லப்போனால் 11.7 கிராம் குண்டுள்ள சாதாரண .308-உம் தாண்டும். உதையும் குறைவு, தோட்டாவும் எங்கும் கிடைக்கும். பழைய .308 ஒன்று வீட்டில் இருந்து, நூறு மீட்டருக்குள் மூஸும் காட்டுப்பன்றியும் மட்டும் சுடுகிறவர் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

புதிதாக வாங்குகிறவர் ஐரோப்பாவில் இருந்தால் 9.3×62, குழல் 20 அங்குலம். ஒலியடக்கி வாங்கும்போது அது 9.3 விட்டத்துக்கு ஆனதா என்று பார்த்து வாங்குங்கள்; .30 துளைக்குச் செய்ததை மாட்டினால் முதல் குண்டிலேயே பிய்ந்துபோகும். வட அமெரிக்காவில் தோட்டா நிரப்பத் தெரிந்தவருக்கு .358, தெரியாதவருக்கு .35 வீலன் அல்லது .338 ஃபெடரல், ஊர்க் கடையில் எது இருக்கிறதோ அது.

கையிலுள்ள துப்பாக்கியின் குழலை வெட்டிக்கொள்ள நினைப்பவர்கள் சட்டத்தைப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். அமெரிக்காவில் 16 அங்குலத்துக்குக் கீழே போனால் கூட்டரசுச் சட்டப்படி அது தனி வகை, பதிவு இல்லாமல் வைத்திருக்க முடியாது. கனடாவில் இன்னும் கவனம் வேண்டும்: தொழிற்சாலையிலிருந்தே குட்டையாக வந்த குழலுக்கு ஒரு விதி, வெட்டிக் குறைத்ததற்கு வேறு விதி. வெட்டியதில் 457 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது தடைசெய்யப்பட்ட துப்பாக்கி ஆகிவிடும். அது 18 அங்குலத்துக்கு ஒரு மயிரிழைதான் குறைவு. ஆகவே கனடாவில் 18.5-இல் நிறுத்தச் சொல்லி, குழல்வாயைக் கடைசலில் செம்மையாக முடித்துத் தரும் கைவினைஞரிடமே கொடுங்கள்.