படிகம் வளர்ப்போம்
(வேதியியல், இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு)

அறிவியல் என்றதும் கண்ணாடிக் குடுவைகளும் விலையுயர்ந்த கருவிகளும் நிறைந்த ஆய்வுக்கூடமே நம் நினைவுக்கு வருகிறது. ஐந்து வகுப்புகளையும் ஓரிரு ஆசிரியரே நடத்தும் ஊரகத் தொடக்கப்பள்ளிகளில் அத்தகைய கூடத்திற்கு இடமேது? ஆயினும் ஒரு சீசா, சிறிது படிகாரம், ஒரு நூல், நான்கு வாரப் பொறுமை ஆகியவை இருந்தால் நான்காம் வகுப்புச் சிறுவனும் உண்மையான ஆய்வொன்றைச் செய்து முடிக்கலாம். அதுவே படிகம் வளர்த்தல். அதனைப் போட்டியாக நடத்தும் வகையை இக்கட்டுரையில் காண்போம்.

படிகம் என்பது யாது?

அணுக்களோ அயனிகளோ மூலக்கூறுகளோ ஓர் ஒழுங்கில் அடுக்கடுக்காக அமைந்த திண்பொருளே படிகம். செங்கல்லை ஒரே முறையில் அடுக்கினால் சுவர் நேராக எழுவதுபோல, உள்ளே உள்ள ஒழுங்கு வெளியே தட்டையான முகங்களாகத் தோன்றுகிறது. சாதாரண உப்பு கனசதுரமாகப் படியும். படிகாரம் எட்டு முகங்களுடன் படியும். படிகத்தின் பருமன் எதுவாயினும் ஒத்த முகங்களுக்கு இடையேயுள்ள கோணம் மாறாது என்பதை ஸ்டெனோ என்பார் 1669இல் எடுத்துக்காட்டினார். இதன் காரணம் விளங்கப் பல தலைமுறைகள் ஆயின. 1912இல் லாவே குழுவினர் படிகத்தின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தி விளிம்பு விளைவைக் கண்டனர். அடுத்த ஆண்டிலேயே பிராக் உப்பின் உள்ளமைப்பை வெளிப்படுத்தினார். சிறுவன் கையிலுள்ள உப்புக் கல்லே அறிஞர்களுக்கும் பாடநூலாயிற்று!

நம் வட்டாரத்தில் படிகத் தொழில்

இக்கலை நம் மண்ணுக்குப் புதியதன்று. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உண்மையில் மாபெரும் படிகம் வளர்க்கும் கூடங்களே. தெளிந்த கரும்புச் சாற்றைக் காற்றழுத்தம் குறைந்த கலன்களில் சுண்டக் காய்ச்சி மீதெவிட்டிய நிலைக்குக் கொண்டுவருவர். பிறகு நுண்ணிய சர்க்கரைத் துகள்களை வித்தாக இடுவர். கரைசலில் உள்ள சர்க்கரை அவ்வித்துகளின் மேல் படிந்து மணிமணியாக வளரும். பதநீரைக் காய்ச்சி, நூல் கட்டிய பானையில் ஊற்றி, பல வாரம் அசையாமல் வைத்துப் பனங்கற்கண்டு எடுப்பதும் இதே தத்துவம்தான். கல்வராயன் மலைத்தேன் குளிரில் உறைந்து மணல்போலாவதைக் கண்டு, கலப்படம் என ஐயுறுவோர் உண்டு. தேனிலுள்ள குளுக்கோஸ் படிகமாவதே அதற்குக் காரணம். தூய தேனிலும் இது நிகழும்.

எப்பொருள் ஏற்றது?

கரைதிறனைப் பார்த்தே பொருளைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். 100 மில்லி நீரில் 20 பாகையில் ஏறத்தாழ 14 கிராம் படிகாரம் கரையும். 50 பாகையிலோ ஏறத்தாழ 37 கிராம் கரையும். எனவே சுடுநீரில் கரைத்து ஆறவிட்டாலே மிகுதி படிகமாக வெளிவரும். உப்போ 20 பாகையில் 36 கிராம், கொதிநிலையில் 39 கிராம் மட்டுமே கரையும். ஆகவே உப்பை ஆறவைத்துப் பயனில்லை. நீரை ஆவியாக்க வேண்டும். மரக்காணத்து உப்பளங்களில் வெயிலை நம்பித் தொழில் நடப்பது இதனாலன்றோ! சர்க்கரை நிறையக் கரையும், ஆனால் கரைசல் பாகாகித் தடிப்பதால் படிகம் மெல்ல வளரும், எறும்பும் மொய்க்கும். மயில்துத்தத்தின் நீலப் படிகம் அழகியதாயினும் நச்சுத்தன்மை உடையது. சிறுவர் கையில் அதனைத் தருதல் ஆகாது. ஆகையால் மளிகைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் படிகாரமே போட்டிக்குச் சிறந்தது.

செய்முறை

1. 200 மில்லி சுடுநீரில் 60 கிராம் படிகாரத் தூளைக் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். சுடுநீரைக் கையாளும் பணி ஆசிரியருடையது.

2. கரைசலை மூடி ஓரிரவு ஆறவிட்டால் அடியில் சிறு படிகங்கள் தோன்றும். அவற்றுள் பிளவில்லாத ஒன்றை வித்தாகத் தேர்ந்து, மெல்லிய நைலான் இழையில் கட்ட வேண்டும். முறுக்கு நூலில் பிசிறு இருப்பதால் இழை நெடுகிலும் வேண்டாத படிகங்கள் முளைக்கும்.

3. தெளிந்த கரைசலை வேறொரு சீசாவில் வடித்து, அதில் ஒரு சிறு படிகாரத் துகளை இட்டுப் பார்க்க வேண்டும். துகள் கரைந்தால் கரைசல் இன்னும் தெவிட்டவில்லை என்று பொருள், வித்தும் கரைந்துபோகும். துகள் கரையாது கிடந்தால் வித்தைத் தொங்கவிடலாம்.

4. சீசாவின் வாயைத் துணியால் மூடி, நீர் நிறைந்த அண்டா ஒன்றினுள் நிறுத்த வேண்டும். பகல் வெப்பம் ஏறினால் கரைதிறன் கூடி, வளர்ந்த படிகம் மீண்டும் கரையத் தொடங்கும். சூழ்ந்துள்ள நீர் இவ்வேற்றத்தாழ்வைத் தணிக்கும்.

5. அடியில் வேறு படிகங்கள் முளைத்தால் அவை வித்துக்குரிய பொருளைப் பங்கிட்டுக்கொள்ளும். படிகத்தை வெளியே எடுத்து, கரைசலை வடிகட்டி மீண்டும் தொங்கவிட வேண்டும்.

போட்டியும் மதிப்பீடும்

ஐக்கிய நாடுகள் சபை 2014ஆம் ஆண்டைப் பன்னாட்டுப் படிகவியல் ஆண்டாக அறிவித்தது. அதனையொட்டிப் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியம் பள்ளிப் பிள்ளைகளுக்கான உலகளாவிய படிகம் வளர்க்கும் போட்டியைத் தொடங்கியது. அதுபோன்றதொரு போட்டியைக் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் வட்டாரப் பள்ளிகளுக்கும் வெள்ளிமலையைச் சூழ்ந்த மலைப்பள்ளிகளுக்கும் நம் கல்லூரி மாணவர்களே நடத்தலாம். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரே மூட்டையிலிருந்து எடுத்த 100 கிராம் படிகாரம். காலம் நான்கு வாரம்.

ஈண்டு ஒன்றைக் கருத வேண்டும். எடையை மட்டும் பார்த்துப் பரிசளித்தால் அது நீதியாகாது. மலையில் வெப்பம் குறைவு. மழைநாளில் ஈரமும் மிகுதி. அங்கே நீர் மெல்லவே ஆவியாகும். படிகமும் மெல்லவே வளரும். சமவெளிச் சிறுவனின் படிகம் எடையில் முந்தலாம். ஆனால் விரைந்து வளரும் படிகம் கரைசலைத் தன்னுள் சிறைப்படுத்திக் கலங்கிவிடும். மெல்ல வளர்வதே கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். எனவே 100 மதிப்பெண்ணில் முகங்களின் ஒழுங்குக்கு 30, தெளிவுக்கு 30, எடைக்கு 10, நாட்குறிப்பேட்டுக்கு 30 எனப் பகிர்வது தகும்.

நாட்குறிப்பேட்டுக்கு ஏன் இத்துணை மதிப்பு எனச் சிலர் வினவலாம். பெரிய படிகத்தைத் தந்தையோ அண்ணனோ வளர்த்துத் தரக்கூடும். ‘செவ்வாய்க்கிழமை ஒரு முனை மழுங்கியிருந்தது, அன்று வெயில் கடுமை’ என்று எழுதுவது உடனிருந்து பார்த்த பிள்ளையால் மட்டுமே இயலும். படிகம் கரைந்துபோன சிறுமியும் அது கரைந்த காரணத்தை ஆராய்ந்து எழுதியிருந்தால் பரிசுக்கு உரியவளே. மனப்பாடத்திற்கு மட்டுமே மதிப்பெண் பெற்றுப் பழகிய பிள்ளைக்குத் தன் கண்ணால் கண்டதற்கும் மதிப்புண்டு என்பதை இப்போட்டி உணர்த்தும்.

முடிவுரை

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ச்சிக்கென்றே தனி மையம் இயங்குகிறது. தமிழ்நாட்டு அறிஞர்களான சங்கரநாராயணனும் இராமசாமியும் கரைசலிலிருந்து ஒரே திசையில் நீண்ட படிகத்தை வளர்க்கும் முறையை 2005இல் வெளியிட்டனர். அவர்கள் பெயராலேயே அது வழங்கப்படுகிறது. அங்கும் வேண்டப்படுவன தெவிட்டிய கரைசல், நல்ல வித்து, அடக்கிய வெப்பம் ஆகியவையே. மலைப்பள்ளிச் சீசாவுக்கும் அம்மையத்துக்கும் இடையே கருவியில் வேறுபாடு உண்டு, தத்துவத்தில் இல்லை.

மாணவத் தோழர்களே! விடுமுறையில் ஊர் செல்லும்போது நம் பழைய தொடக்கப்பள்ளிக்கு ஒரு பொட்டலம் படிகாரத்துடன் செல்வோம். ஆசிரியரிடம் இசைவு பெற்று, பிள்ளைகளுடன் அமர்ந்து ஒரு வித்தைக் கட்டித் தொங்கவிடுவோம். அதன்பின் வளர்ப்பது அவர்கள் பாடு. காத்திருப்பது நம் பாடு.