அத்திபெலேயில் கார்கில் நாள்: முதலில் பெயரைத் தேடுங்கள்

மைக் செட், கொடி, நாலு மாலை இருந்தால் ஜூலை 26 நிகழ்ச்சியை நடத்திவிடலாம் என்று பலர் இறங்குகிறார்கள். நடத்தியும் விடுகிறார்கள். ஆனால் யாருக்காகக் கூடினோமோ அவர் பெயரைத் தப்பாகப் படிப்பார்கள். அவரைப் பெற்ற அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். இதைச் சில முறை பார்த்த பிறகுதான் இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

1. நாள், நேரம், இடம்

1999இல் கார்கில் போர் முடிந்த நாள் ஜூலை 26. வசதிக்காக ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளாதீர்கள். காலை ஏழரை மணி சரியான நேரம்: இரவு ஷிப்ட் முடித்தவர்களும் வரலாம், பிள்ளைகளும் பள்ளிக்கு முன் வரலாம். ஓசூர் ரோட்டோரம் வேண்டவே வேண்டாம், லாரிச் சத்தத்தில் மௌன அஞ்சலி நடக்காது. உள்ளே தள்ளி ஒரு பள்ளி மைதானம் போதும். காவல் நிலையத்துக்குப் பத்து நாள் முன்பே கன்னடத்தில் கடிதம் கொடுங்கள். ஜூலைத் தூறலுக்கு ஷாமியானா கட்டுங்கள்.

2. பெயரும் குடும்பமும்

எல்லாரும் தடுக்குவது இங்கேதான். தயாரிப்பு நாட்களில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள்.

கார்கிலில் உயிர் கொடுத்தவர்கள் 527 பேர். அத்தனை பேரையும் ஒரே மூச்சில் சொன்னால் யாரும் மனதில் நிற்க மாட்டார்கள். ஒருவரை எடுத்து முழுதாகச் சொல்லுங்கள். திருச்சியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன் பீகார் ரெஜிமென்ட் அதிகாரி. 1999 மே 29 அன்று படாலிக் பகுதியில் வீழ்ந்தார். அவர் உடலை மீட்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பின்னர் வீர் சக்ரா வழங்கப்பட்டது. ஒரு குடும்பம் அந்த ஒரு மாதத்தை எப்படிக் கடந்திருக்கும் என்று பிள்ளைகள் யோசித்தாலே போதும், தனியாகப் பேச்சாளர் தேவையில்லை.

அடுத்து, உங்கள் சுற்றுவட்டாரத்தில் எந்தப் போரிலோ, எந்தப் பணியிலோ உயிர் விட்டவர்களைத் தேடுங்கள். ஆனேக்கல் பக்கம் என்றால் கர்நாடக சைனிக நல இலாகா, ஓசூர்ப் பக்கம் என்றால் கிருஷ்ணகிரி மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், இங்கே கேளுங்கள். ஆனால் அலுவலகத்தை மட்டும் நம்பி உட்காராதீர்கள். அபார்ட்மென்ட் கேட்டிலும் கம்பெனி வாசலிலும் காவலுக்கு நிற்பவர்களில் முன்னாள் ராணுவத்தினர் நிறைய உண்டு. நின்று, "ஐயா, நீங்க எந்த யூனிட்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கே முகம் மலரும். ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சேப்பர்ஸின் தலைமையகம் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. அதில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கிடைத்தால் மற்றவர்களை அவரே சேர்த்துவிடுவார்.

குடும்பத்தைப் போனில் அழைக்காதீர்கள். இரண்டு பேராக வீட்டுக்குப் போங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். "உங்க பையன் பேரைப் படிக்கலாமாம்மா? போட்டோ வைக்கலாமா?" என்று அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். எப்படி இறந்தார் என்று நீங்களாகக் கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால், காபி ஆறினாலும் முழுதாகக் கேளுங்கள். மேடையேற்றி மைக்கை நீட்டாதீர்கள். முதல் வரிசை அவர்களுக்கு; கவுன்சிலர் இரண்டாவது வரிசையில் உட்காரட்டும்.

பெயரை எப்படிச் சொல்வது என்பதையும் அந்த வீட்டிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பட்டியலிலிருந்து கன்னடத்துக்கும், அங்கிருந்து தமிழுக்கும் போகும்போது பெயர் உருமாறிவிடும். ஒரு நிகழ்ச்சியில் இனிஷியலை மாற்றிப் படித்தோம். அந்த அம்மா எழுந்து, "அது அவங்க அப்பா பேருப்பா" என்று மெதுவாகச் சொன்னார். அன்றிலிருந்து பெயர் எழுதிய அட்டையை வீட்டாரிடம் காட்டாமல் நான் எதையும் படிக்கவிடுவதில்லை. பதவியும் ரெஜிமென்ட்டும் சரிதானா என்று டெல்லி தேசியப் போர் நினைவகத்தின் பெயர்ப் பட்டியலிலும் ஒத்துப் பாருங்கள். 2019இல் திறந்த அந்த நினைவகத்தில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள் கருங்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.

3. கொடி

துக்கம் என்பதால் கொடியை அரைக்கம்பத்தில் விடுவார்கள். அது தவறு. அரசு உத்தரவிட்டால்தான் அரைக்கம்பம். 2002ஆம் ஆண்டின் கொடி விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. முழு உயரத்தில் ஏற்றுங்கள். நீளம் மூன்று பங்கு, உயரம் இரண்டு பங்கு, காவி மேலே. மேசைக்கும் படத்துக்கும் போர்த்தக் கொடி கூடாது, வெள்ளைத் துணி விரியுங்கள்.

4. மௌனம்

பியூகிள் ஊத ஆள் கிடைக்காவிட்டால் 'லாஸ்ட் போஸ்ட்' ஒலிப்பதிவை முந்தின நாளே இறக்கி வையுங்கள். இணையத்திலிருந்து நேரடியாகப் போட்டால் நடுவில் சோப்பு விளம்பரம் வரும். ஜெனரேட்டரை நிறுத்தி, ஒருவர் கையில் கடிகாரம் கொடுத்து, முழு இரண்டு நிமிடம் நில்லுங்கள். முக்கால் நிமிடத்தில் யாராவது செருமுவார்கள், அதைப் பார்த்து முடித்துவிடாதீர்கள். பிறகு பெயர்கள், மலரஞ்சலி, தேசிய கீதம். பேச்சு ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

5. இரண்டு மொழி

காவிரிப் பிரச்சினை வந்தால் பேருந்துகள் நின்றுபோகும் கர்நாடக-தமிழ்நாடு எல்லை நம்முடையது. அதனாலேயே ஒவ்வொரு பெயரையும் ஒரு கன்னடப் பிள்ளையும் ஒரு தமிழ்ப் பிள்ளையும் சேர்ந்து படிக்க வேண்டும் என்பேன். எல்லையின் இரு பக்கமும் வீழ்ந்தவனுக்குக் கல் நட்ட மண் இது. பேகூரில் அதை வீரகல்லு என்பார்கள், கிருஷ்ணகிரிப் பக்கம் நடுகல் என்பார்கள்.

6. முடிந்த பிறகு

சால்வைக்கும் கேடயத்துக்கும் ஆகும் பணத்தைப் படைவீரர் கொடிநாள் நிதிக்குக் கொடுங்கள். 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். அந்த நாளையொட்டி சைனிக நல அலுவலகத்தில் செலுத்தி ரசீது வாங்குங்கள். அந்த ரசீதோடு அந்த வீட்டுக்கு இன்னொரு முறை போய்வாருங்கள். பென்ஷன் தாளிலோ வங்கிப் படிவத்திலோ ஏதாவது சிக்கல் இருக்கும், டிசம்பரில் போனால்தான் அதைச் சொல்வார்கள். ஜூலையில் கூட்டத்துக்கு நடுவே யாரும் சொல்வதில்லை.