பழைய மண்ணில் புதிய நாற்று

ஒரு போகம் காய்த்து ஓய்ந்த தொட்டி மண்ணையும் பாத்தி மண்ணையும் சாரமற்றதென எண்ணி எறிந்துவிடுவது பெருநஷ்டமாகும். இராயபுரம் மெத்தைகளிலும், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளின் மணற்பாங்கான புழைக்கடைகளிலும் தோட்டமிடுவோருக்கு இது விசேஷமாகப் பொருந்தும். விலைக்கு வாங்கும் மண் எங்கிருந்து வந்ததென்று பெரும்பாலும் தெரிவதில்லை. தன் தோட்டத்து மண்ணின் குணமோ உடையவனுக்குத் தெரியும்.

குளிர்தேசங்களில் விதை முளைப்பதற்குக் கண்ணாடிக் கூடம் கட்டி, சாணமும் வைக்கோலும் புளிக்கும் சூட்டின்மேல் நாற்றுவிடுவதுண்டு. சென்னைக் கடற்கரையில் தை மாதத்து இரவிலும் குளிர் சராசரியாக 20 டிகிரி செல்சியஸ் அளவில் நின்றுவிடுகிறது. தக்காளி, கத்தரி முளைக்க அது போதும். ஆகையால் இங்கே வெப்பத்திற்குரிய வேலை வேறு. அது பழைய மண்ணைச் சுத்தி செய்தலாம்.

அம்மண்ணில் தங்கியிருக்கும் பித்தியம் முதலிய கிருமிகளால் நாற்றழுகல் உண்டாகிறது. மாலையில் செழித்து நின்ற நாற்று, அடித்தண்டில் நீர்கோத்து, விடியுமுன் சாய்ந்துவிடும். வேர்முடிச்சு நூற்புழுவும் அப்படியே தங்கும். கத்தரி, மிளகாய், தக்காளி ஒரே குடும்பத்தவையாதலின், ஒன்றன் நோய் மற்றொன்றைப் பற்றுதல் எளிது.

1976-ஆம் வருஷத்தில் இஸ்ரேல் தேசத்துக் கடான் முதலிய ஆராய்ச்சியாளர் வெளியிட்ட முறை இதற்கு உகந்தது. சித்திரை, வைகாசியில் மண்ணை வேரும் கல்லும் நீக்கி, வெயில் படும் தரையில் அரை அடி கனத்திற்குப் பரப்பவேண்டும். கையிற் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு நனைக்கவேண்டும். உலர்ந்த மண்ணில் சூடு ஆழமாக இறங்காது, கிருமிகளும் எளிதில் மடியா. மேலே மெல்லிய, நிறமற்ற பாலிதீன் தாளை விரித்து, ஓரங்களைக் காற்றுப் புகாமல் மண்ணிட்டு மூடி, 4 முதல் 6 வாரம் விடவேண்டும். கறுப்புத் தாள் அவ்வளவு பயன்படாது. அக்கினி நட்சத்திர வெயிலில் மேல்மண் 45 டிகிரிக்கு மேலும் காயும். தாளைச் சங்கத்தின் பேரில் வாங்கி முறைவைத்து உபயோகித்தால் செலவு குறையும்.

இச்சூட்டில் நன்மை செய்யும் உயிர்களும் குறைவதால், பின்னர் நன்றாக மட்கிய எருவைக் கலந்து, விதையையும் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி தடவி விதைப்பது நலம். மீந்த மண்ணை மழை படாமல் மூட்டையிட்டு வைத்தால் ஐப்பசி, கார்த்திகை நாற்றுக்கு உதவும்.

வெயிலால் தீராத தோஷங்களும் உண்டு. உப்பு, நன்னீர் விட்டு வடித்தால் குறையும். நிலக்கரிச் சாம்பலில் உள்ள ஈயம், ஆர்சனிக் போன்றவை எவ்வளவு காய்ந்தாலும் போகா. எண்ணூர் அனல் மின்நிலையம் 2017-இல் மூடப்பட்டது; ஆனால் முன்பு படிந்த சாம்பல் அத்துடன் மறைந்துவிடவில்லை. 2023 டிசம்பர்ப் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம்வரை பரவியதையும் அங்கத்தினர் அறிவர். அவ்விடங்களின் வண்டல் எவ்வளவு கறுத்துக் கொழுமையாகத் தோன்றினும், கீரைக்கும் காய்கறிக்கும் ஆகாது. வழக்கமான மண் பரிசோதனையில் உப்பும் சத்துக்களுமே தெரியும். உலோகங்களுக்கெனத் தனிப் பரிசோதனை கேட்டுப் பெறவேண்டும். மூட்டைதோறும் மண் எடுத்த இடத்தையும் முன் விளைந்த பயிரையும் எழுதிவைத்தல், சங்கத்தார் மண்ணைப் பங்கிட்டுக்கொள்ளும்போது அவசியமாகும்.