பதினோரு மாத ஒப்பந்தம் போதுமா?

கேள்வி: பெருங்களத்தூரில் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறோம். பதினோரு மாதத்துக்கு எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினால் போதும், பதிவு வேண்டாம் என்கிறார் வீட்டுக்காரர். சரிதானா?

பதில்: முன்பு சரி. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஓராண்டைத் தாண்டும் குத்தகையைத்தான் கட்டாயம் பதியச் சொல்கிறது. புரோக்கர்களின் பதினோரு மாதக் கணக்கு அங்கிருந்து வந்தது. ஆனால் 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் கால அளவைப் பார்ப்பதில்லை. எந்த ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். நோட்டரி முத்திரை கையெழுத்து இன்னாருடையது என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான். பதிவுக்கு மாற்று ஆகாது.

“ஊரில் யார் சார் பதிகிறார்கள்?” என்று கேட்பார். தகராறு வராதவரை அவர் சொல்வதில் தப்பில்லை. அட்வான்ஸில் பெயின்ட் செலவைக் கழிப்பேன் என்று அவர் நிற்கும் நாளில்தான் வினை: பதியாத ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைச் சாட்சியமாக ஏற்க அந்தச் சட்டமே தடை போடுகிறது. தடை அவருக்கும்தான். ஆண்டுதோறும் ஐந்து சதவீதம் வாடகை கூடும் என்று எழுதி வாங்கியிருந்தாலும் அந்தத் தாளை அவர் நம்ப முடியாது. வருமான வரிக்குப் பயந்து பதிவைத் தவிர்ப்பவர்களும் உண்டு; வாடகை வங்கிக் கணக்கில் விழும்போது என்ன மறைப்பு? விண்ணப்பத்தை இணையத்திலேயே போடலாம், அவரிடம் சொல்லுங்கள்.